ஆனந்த குமாரசுவாமி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் பற்றி மாணவர்களிடமும் கலை ஆர்வலர்களிடமும் பேசும்போது ஆனந்த குமாரசுவாமியின் பெயர் ஒருமுறையாவது வந்துவிடும். பெயர் வந்ததும் ஏறக்குறைய அதே ஐயங்கள், அதே வரிசையில் எழும். பல ஆண்டுகளாக வாய்மொழியாகச் சொல்லிவந்த விடைகளை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியதால் இந்தப் பக்கம் உருவாயிற்று. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன்.

யார் இந்த ஆனந்த குமாரசுவாமி? பெயரைக் கேட்டிருக்கிறேன், என்ன செய்தார் என்று தெரியாது.

1877 ஆகஸ்ட் 22 அன்று கொழும்பில் பிறந்து, 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நீதம் என்ற ஊரில் மறைந்த கலை வரலாற்றாளர். இலங்கை, இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் கலைகளை உலகக் கலை வரலாற்றுக்குள் உரிய இடத்தில் வைத்துப் பேசிய முதல் தலைமுறை ஆய்வாளர்களில் முதன்மையானவர். வாழ்வின் கடைசி 30 ஆண்டுகளைப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் கழித்தார். ஈழத்தில் அவரைக் 'கலாயோகி' என்று அழைப்பது வழக்கம். கொழும்பில் ஒரு பெரிய சாலைக்கும் அவர் பெயர் உண்டு.

அவர் எழுதியவற்றில் தமிழ் வாசகருக்கு நன்கு தெரிந்தது சிவ நடனத்தைப் பற்றிய கட்டுரை. ஆனால் அந்த ஒரு கட்டுரையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவரைப் புரிந்துகொள்ள முயல்வதால்தான் கீழே வரும் ஐயங்களில் பாதி எழுகின்றன என்பது என் எண்ணம்.

அவர் தமிழரா, சிங்களவரா, இல்லை வெள்ளைக்காரரா?

தந்தை சர் முத்து குமாரசுவாமி, யாழ்ப்பாண வேர்கொண்ட தமிழ்க் குடும்பத்தவர். கொழும்பில் வழக்கறிஞர், சட்ட நிரூபண சபை உறுப்பினர். 1863இல் இலண்டனில் பாரிஸ்டரானார். 1874இல் 'சர்' பட்டம் பெற்றார். அரிச்சந்திரன் நாடகத்தையும் பாலி மொழிப் பௌத்த நூல்களையும் ஆங்கிலத்தில் தந்தவர். தாய் எலிசபெத் கிளே பீபி, இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்தவர். மகனின் முழுப்பெயரான ஆனந்த கென்டிஷ் குமாரசுவாமியில் அந்த ஊரும் உட்கார்ந்திருக்கிறது.

குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்கு முன்பே தாய் அவரை அழைத்துக்கொண்டு இங்கிலாந்து போனார். பின்னால் வந்து சேர வேண்டிய தந்தை 1879 மே மாதம் கொழும்பிலேயே இறந்துவிட்டார். ஆகவே பிறப்பால் பாதித் தமிழர், வளர்ப்பால் முழு ஆங்கிலேயர், முதல் பெரும் நூலின் பொருளால் சிங்களக் கலையின் வரலாற்றாளர். இந்த மூன்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு அவரை உரிமை கொண்டாடுகிறவர்களுக்கு அவருடைய நூல்கள் ஒத்துழைப்பதில்லை.

சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு உறவினர் என்கிறார்களே?

ஆம். இலங்கைத் தமிழ்த் தலைவர்களான இராமநாதனும் அவர் தம்பி பொன்னம்பலம் அருணாசலமும் சர் முத்து குமாரசுவாமியின் தமக்கை மக்கள். ஆனந்தருக்கு அத்தை மகன்கள். வயதில் இருவரும் கால் நூற்றாண்டு மூத்தவர்கள்.

மண்ணியல் படித்தவர் கலைக்கு எப்படி வந்தார்?

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மண்ணியலும் தாவரவியலும் படித்து 1900இல் பட்டம் பெற்றார். பின்னர் இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்கு முதல் இயக்குநராகி 1906 வரை பணியாற்றினார். மாணிக்கக் கற்கள் கிடைக்கும் சரளை மண்ணில் இருந்து எடுத்த, கரிய, கனத்த, கனசதுர வடிவப் படிகங்களை முதலில் யுரேனியக் கனிமம் என்றே அவர் கருதினார். இலண்டனில் பகுத்தாய்ந்தபோது அது தோரியம் மிகுந்த புதிய கனிமம் என்று தெரிந்து, 1904இல் தோரியனைட் என்று பெயர் பெற்றது. செரண்டிபைட் என்ற மற்றொரு கனிமத்தை உலகுக்கு அறிவித்த இருவரில் ஒருவரும் அவரே. இலங்கைக் கனிமவியலுக்காக 1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் அளித்தது.

கனிம ஆய்வு என்பது ஊர் ஊராக நடப்பது. கண்டி நாட்டுப்புறங்களில் நடந்தபோது, கல்லை மட்டும் பார்க்க வந்தவர் கைவினைஞர்களையும் பார்த்தார். கோயில் சுவர் ஓவியங்கள்மேல் சுண்ணாம்பு பூசப்படுவதையும், தட்டார்களும் தச்சர்களும் வேலையின்றித் தொழிலை விடுவதையும், ஊர்ப் பெரியவர்கள் ஐரோப்பிய உடையில் நிற்பதையும் கண்டார். 1905இல் கண்டித் தலைவர்களுக்கு வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதி, பழைய கட்டடங்களையும் கலைகளையும் காக்குமாறு கேட்டுக்கொண்டார். மரபுச் சின்னங்களைக் காப்பதற்காக அவர் எடுத்த முதல் பொது முயற்சி அதுதான். தொடர்ந்து இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை அமைத்து, தாய்மொழிக் கல்விக்காகவும் பேசினார்.

சிங்களக் கலையைப் பற்றிய அவருடைய நூலை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்? இன்று பழையதாகிவிட்டதே.

இடைக்காலச் சிங்களக் கலை என்ற அந்த நூல் 1908இல் வெளிவந்தது. புகழுக்கு முதல் காரணம், அதில் அரசர்களைவிடக் கைவினைஞர்களுக்கு இடம் அதிகம். யார் செய்தார்கள், எந்த உளியால், எந்த நிறத்தை எதிலிருந்து எடுத்து, என்ன கூலிக்கு, யாருடைய நிலத்தை மானியமாக வைத்துக்கொண்டு என்றெல்லாம் கேட்டு எழுதியிருக்கிறார். அந்த அறிவின் பெரும்பகுதி செய்தவர்களோடு மறைந்துவிட்டதால், நூல் பழையதான அளவுக்கு அதன் விலையும் கூடியிருக்கிறது.

ஒரு பகுதியை மட்டும் சொல்கிறேன். புத்தர் சிலைக்குக் கண் எழுதும் நேத்திர மங்கலச் சடங்கை அவர் விவரிக்கிறார். சிலை முழுவதும் முடிந்து கண்கள் மட்டும் மிஞ்சியிருக்கும். புலர்வதற்கு முந்தைய வேளையில் கைவினைஞர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று, எதிரே பிடித்த கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பார்த்தபடியே தோளுக்குப் பின்னால் தூரிகையை நீட்டிக் கண்ணை எழுதுவார். எழுதும் கணத்தில் சிலையின் பார்வை யார்மேலும் நேராக விழக் கூடாது. முடிந்ததும் அவருடைய கண்களைக் கட்டி வெளியே அழைத்துப் போவார்கள். கட்டை அவிழ்த்ததும் அவர் முதலில் பார்க்கும் பொருளை வெட்டி அழிக்க வேண்டும். நம் ஸ்தபதிகள் செய்யும் கண் திறப்பை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது கை சற்று நடுங்கும்.

இரண்டாவது காரணம் அச்சு. கைவினையைப் போற்றிய ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் தம் கெல்ம்ஸ்காட் அச்சகத்தில் பயன்படுத்திய அதே கை அச்சுப்பொறி, குமாரசுவாமி இங்கிலாந்தில் குடியிருந்த பிராட் கேம்டன் சிற்றூருக்கு வந்து சேர்ந்திருந்தது. அதில் 1907 செப்டம்பரில் தொடங்கி, தாமே மேற்பார்த்து, 1908 டிசம்பரில் முடித்தார். அச்சிட்டவை 425 படிகள் மட்டுமே. கைவினையைப் பற்றிய நூல் கைவினையாகவே வர வேண்டும் என்ற பிடிவாதம் அது.

18ஆம் நூற்றாண்டுக் கலைக்கு 'இடைக்காலம்' என்று பெயர் வைத்தது தவறில்லையா?

காலக்கணக்குப்படி பார்த்தால் விந்தைதான். கண்டி அரசு 1815இல் ஆங்கிலேயரிடம் விழும்வரை அங்கே தொழிலும் நிலமும் கோயிலும் பிணைந்திருந்த முறை ஐரோப்பிய இடைக்காலத்தை ஒத்தது என்பது அவர் வாதம். அந்தச் சொல்லில் மாரிஸின் செல்வாக்கு இருக்கிறது. நான் அந்தத் தலைப்பைக் கண்டிக் கலை என்றே மனத்துக்குள் மாற்றிப் படிக்கிறேன். பொருளில் எதுவும் குறைவதில்லை.

புத்தர் சிலையைப் புட்டிங் என்று சொன்னவருக்குப் பதிலடி கொடுத்தவர் இவர்தானா?

இவர் மட்டும் அல்லர். 1910 ஜனவரியில் இலண்டன் கலைக் கழகக் கூட்டம் ஒன்றில் ஈ. பி. ஹாவெல் இந்தியக் கலையைப் பற்றி உரையாற்றினார். தலைமை வகித்த சர் ஜார்ஜ் பேர்ட்வுட், இந்தியாவில் நுண்கலை என்று ஒன்று இருப்பதாகத் தமக்குத் தெரியவில்லை என்றார். அமர்ந்த நிலையிலுள்ள ஜாவாப் புத்தர் ஒன்றின் படத்தைச் சுட்டி, ஆசையற்ற தூய்மைக்கு அடையாளம் வேண்டுமென்றால் கொழுப்பிட்டு அவித்த புட்டிங்கும் போதுமே என்ற பொருள்படக் கேலி செய்தார். அடுத்த மாதம் 13 கலைஞர்களும் எழுத்தாளர்களும் டைம்ஸ் நாளிதழில் மறுப்புக் கடிதம் வெளியிட்டனர். அந்தச் சூட்டிலேயே இந்தியா சங்கம் இலண்டனில் தோன்றியது. ஹாவெல், ஓவியர் ரோதன்ஸ்டைன் ஆகியோரோடு குமாரசுவாமியும் அதை நிறுவியவர்.

நேரடியான பதிலை அவர் 17 ஆண்டுகள் கழித்து, கோபமின்றிச் சொன்னார். புத்தர் உருவமே கிரேக்கச் செல்வாக்கில் காந்தாரத்தில் பிறந்தது என்று பிரெஞ்சு அறிஞர் பூஷே நிறுவியிருந்ததை 1927இல் எழுதிய நீண்ட கட்டுரையில் மறுத்தார். வட இந்தியாவின் மதுராவில், அதற்கு முன்பே இருந்த இயக்கர் (யட்சர்) சிலைகளின் வழியாக, புத்தர் உருவம் தன் போக்கில் வளர்ந்ததைச் சிலை சிலையாகக் காட்டினார். காலவரிசையைப் பற்றிய வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் மதுராவைக் கணக்கில் எடுக்காமல் யாரும் அதைப் பேச முடியாது.

ராஜபுத்திர ஓவியங்களை இவர்தான் 'கண்டுபிடித்தார்' என்பது சரியா?

ஓவியங்கள் வீடுகளிலும் அரண்மனைகளிலும் இருந்தன. அவற்றுக்கு உரியவர்கள் அவற்றை அறிந்தே இருந்தார்கள். அவர் செய்தது வகைப்படுத்தல். அதுவரை வட இந்தியச் சிற்றோவியம் முழுவதையும் முகலாய ஓவியம் என்றே சொல்லிவந்தார்கள். அவர் ஊர் ஊராகச் சென்று ஓவியங்களை வாங்கி, ராஜஸ்தானப் பகுதி, இமயமலை அடிவாரத்துப் பகாரிப் பகுதி என்று பிரித்து, 1916இல் இரு தொகுதிகளாக நூல் வெளியிட்டார். சரளைக் கற்களைத் தட்டுத் தட்டாகப் பிரித்த கைக்கு அது இயல்பாக வந்திருக்கும்.

முகலாய ஓவியம் அரசவைக்கு, ராஜபுத்திர ஓவியம் பக்திக்கும் மக்களுக்கும் என்று அவர் போட்ட கோடு மிக நேரானது. பின்வந்தவர்கள் அதை அழித்து எழுதினார்கள். குறிப்பாக பி. என். கோஸ்வாமி, 1968இல் வெளியிட்ட ஆய்வில், பகாரி ஓவியத்தின் பாணியை அரசுகளின் பெயரால் அல்லாமல் ஓவியர் குடும்பங்களின் வழியாகவே அறிய முடியும் என்று காட்டினார். கைவினைஞரைத் தேடிப் போவதுதான் முறை என்று குமாரசுவாமி கண்டியில் கற்றதை, அவர் விட்ட இடத்தில் மற்றொருவர் கடைப்பிடித்தார் என்றே இதைப் பார்க்கிறேன்.

சுதேசி பேசியவர் தம் சேகரிப்பை அமெரிக்காவுக்குக் கொடுத்துவிட்டாரே, இது முரண் இல்லையா?

இந்தக் கேள்வியைச் சிலர் கோபத்தோடு கேட்கிறார்கள், கோபம் நியாயமானது. சுதேசியும் கலையும் பற்றி 1912இல் சென்னையில் நூல் வெளியிட்டவர் அவர். அதற்கு முன், 1910-11இல் அலகாபாத்தில் நடந்த பெரும் கண்காட்சியின் கலைப்பிரிவைப் பொறுப்பேற்று நடத்தினார். அந்த ஆண்டுகளில் சேர்த்த ஓவியங்களையும் சிற்பங்களையும் காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைத்தால் அதற்கே தந்துவிடுவதாக அறிவித்தார். கட்டடத்துக்கும் பராமரிப்புக்கும் பணம் திரளவில்லை.

முதல் உலகப் போர் வந்தது. அடிமை நாட்டைச் சேர்ந்தவன் ஆங்கிலேயப் படையில் சேர முடியாது என்று மறுத்ததால் இங்கிலாந்தில் இருப்பது கடினமாயிற்று. டென்மன் ராஸ் என்ற செல்வர் சேகரிப்பை வாங்கிப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடையாகத் தந்தார். 1917இல் குமாரசுவாமி அங்கேயே இந்தியக் கலைப்பிரிவின் காப்பாளரானார். சேகரிப்பு சிதறாமல் ஒரே கூரையின்கீழ் நின்றது என்பது உண்மை. அதைப் பார்க்க நாம் கடல் கடக்க வேண்டும் என்பதும் உண்மை. ஒன்று மற்றொன்றை ஈடுசெய்வதாக எனக்குத் தோன்றவில்லை; ஆனால் காசிக்குப் பணம் தராதவர்களை விட்டுவிட்டு அவரை மட்டும் குற்றம் சொல்வது முறையாகாது.

இடையில் ஒரு செய்தி. ஒளிப்படத்தைக் கலையாக ஏற்பதா என்று அருங்காட்சியகங்கள் தயங்கிக்கொண்டிருந்த 1924இல், ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸின் 27 ஒளிப்படங்களைப் பாஸ்டனுக்குப் பெற்றுத் தந்தவரும் இவர்தான். பழமையை மட்டும் போற்றியவர் என்று சொல்லும்போது இதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நடராசர் கட்டுரையில் அப்படி என்ன இருக்கிறது? அதைத் தமிழ் அறியாமலே எழுதினாராமே?

1912 ஜூலையில் சென்னையிலிருந்து வந்த சித்தாந்த தீபிகை இதழில் அந்தக் கட்டுரை முதலில் வெளிவந்தது. 1918இல் நியூயார்க்கில் வெளியான கட்டுரைத் தொகுப்பின் தலைப்பும் அதுவே ஆயிற்று. இதழைத் தொடங்கி நடத்திய ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை சைவ சித்தாந்த நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அவருடைய மொழிபெயர்ப்புகளைக் குமாரசுவாமி வெளிப்படையாகவே எடுத்தாண்டார். கட்டுரையில் திருவாதவூரர் புராணம் இடம்பெறுகிறது: விறகில் மறைந்திருக்கும் தீயைப்போல் உயிரிலும் பொருளிலும் கலந்து அவற்றை ஆட்டுவிக்கும் கூத்தன் எம் இறைவன் என்பது அதன் கருத்து. அதோடு திருமந்திரத்தின் திருக்கூத்துத் தரிசனமும், சைவ சித்தாந்த நூலான உண்மை விளக்கமும் வருகின்றன.

உண்மை விளக்கத்தின் "தோற்றம் துடியதனில்" என்று தொடங்கும் வெண்பாவே கட்டுரையின் அச்சாணி. உடுக்கையில் படைத்தல், அமைந்த கையில் (அஞ்சேல் என்று காட்டும் கை) காத்தல், தீயில் அழித்தல், ஊன்றிய பாதத்தில் மறைத்தல், தூக்கிய பாதத்தில் அருளல் என்று ஐந்தொழிலும் ஓர் உருவத்தில் நிற்கின்றன. ஓதுவார்கள் அறிந்திருந்த இந்தச் செய்தியைச் சிலையைப் படிக்கும் முறையாக மாற்றி, ஆங்கிலம் படிக்கும் உலகத்திடம் கொடுத்ததே அவர் செய்த வேலை. சிற்பி ரோதேன் சென்னை அருங்காட்சியகத் திருமேனிகளின் ஒளிப்படங்களைப் பார்த்து எழுதிய குறிப்புகளும் குமாரசுவாமியின் எழுத்தும் 1921இல் பாரீஸில் ஒரே தொகுதியில் வந்தன. 2004இல் ஜெனீவா அருகே செர்ன் என்ற இயற்பியல் ஆய்வகத்தில் நிறுவிய நடராசர் சிலையின் பீடத்திலும் அவருடைய வாசகம் இருக்கிறது.

ஆனால் அந்த விளக்கம் சோழர் சிலைகளுக்குப் பொருந்தாது என்று இப்போது சொல்கிறார்களே?

நல்ல கேள்வி, இதை ஒதுக்கிவிடக் கூடாது. கூத்தபெருமானின் செப்புத் திருமேனி சோழ அரசி செம்பியன் மாதேவியின் காலத்தில், 10ஆம் நூற்றாண்டில், சோழ நாட்டில் பரவத் தொடங்குகிறது. மேலே சொன்ன உண்மை விளக்கம் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பின்னால் வந்த நூலைக் கொண்டு முன்னால் செய்த சிலையின் கருத்தைச் சொல்லிவிட முடியுமா என்று பத்மா கைமல் 1999இல் எழுதிய ஆய்வில் கேட்டார். சோழ அரசகுலம் இந்த உருவத்தைத் தன் அடையாளமாகக் கொண்ட சூழலையும், ஆட்டத்தின் கடுமையான, சுடலைத் தன்மை கொண்ட பொருள்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது அவர் நிலை.

எனக்கு இதில் பாதி உடன்பாடு. கல்வெட்டையும் காலத்தையும் குமாரசுவாமி போதிய அளவு பொருட்படுத்தவில்லை. ஆனால் பொன்னம்பலத்து ஆடலை அருளின் ஆடலாகக் காண்பது 13ஆம் நூற்றாண்டில் திடீரென்று முளைக்கவில்லை. "குனித்த புருவமும்" பாடிய அப்பருக்குத் தில்லைக் கூத்தனின் "எடுத்த பொற்பாதம்" காணக் கிடைத்தால் மனிதப் பிறவியே வேண்டுவதாகிறது. குமாரசுவாமி தந்த விளக்கம் சிலையின் பல பொருள்களில் ஒன்று, அதுவும் வழிபடுவோர் நெடுங்காலமாகப் போற்றும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை.

அவர் சாதி முறையை ஆதரித்தவர் என்கிறார்களே, இது உண்மையா?

உண்மை. குலத்தொழிலைத் தந்தையிடமிருந்து மகன் கற்பதில் அவர் கண்ட நிறைவு, சாதி அமைப்பையே நியாயப்படுத்தும் அளவுக்கு அவரைக் கொண்டுசென்றது. கண்டியைப் பற்றிய நூலில் கூலியையும் மானியத்தையும் அத்தனை கவனமாகக் குறித்தவர், அந்தத் தொழிலை விட்டு வெளியேற விரும்பிய மகனைப் பற்றிக் கேட்கவில்லை. ஆலைப் பொருள்களுக்கு எதிராகக் கைத்தொழிலைக் காக்க வேண்டும் என்ற அக்கறை உண்மையானது. அதற்கு அவர் தேடிய துணை தவறானது. கலைஞன் என்பவன் தனி வகை மனிதன் அல்லன், ஒவ்வொரு மனிதனும் ஒரு தனி வகைக் கலைஞனே என்று வற்புறுத்தியவரிடமே இந்தக் குறை இருந்தது என்பதுதான் உறுத்துகிறது.

நான்கு திருமணங்களாமே?

ஆம். இதை ஊர்வம்பாகக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, அந்த நால்வரின் வேலைகளையும் பாருங்கள் என்பதுதான். முதல் மனைவி எதெல் பார்ட்ரிட்ஜ் இலங்கையில் எடுத்த ஒளிப்படங்கள் இல்லாமல் கண்டி நூல் இல்லை; பின்னாளில் எதெல் மேரே என்ற பெயரில் பிரிட்டனின் தலைசிறந்த கைத்தறி நெசவாளராக விளங்கினார். ஆலிஸ் ரிச்சர்ட்சன், ரத்தன் தேவி என்ற பெயரில் இந்திய இசையைக் கற்று மேடைகளில் பாடினார். ஸ்டெல்லா பிளாக் நடனக் கலைஞர். லூயிசா ஒளிப்படக் கலைஞர். பெயர் அட்டையில் ஒருவர் பெயர்தான் இருக்கிறது, உழைப்பு பலருடையது.

அவருடைய கடைசிக் கால எழுத்து எனக்குப் புரியவே இல்லை. குறை என்னிடமா?

இல்லை. 1930களின் தொடக்கத்திலிருந்து அவர் சிலையின் காலம், பாணி ஆகியவற்றை விட்டு, அதன் பின்னுள்ள மெய்யியலுக்குள் இறங்கிவிட்டார். உபநிடதமும் பிளாட்டோவும் ஜெர்மானிய ஞானி எக்ஹார்ட்டும் ஒரே பத்தியில் வருவார்கள். அடிக்குறிப்பு சில இடங்களில் பக்கத்தைவிட நீளும். 1927இல் எழுதிய இந்திய, இந்தோனேசியக் கலை வரலாற்றை முதலில் படித்துவிட்டு அங்கே போனால், எந்தச் சிலையை நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்பதாவது பிடிபடும்.

தம் வாழ்க்கையைப் பற்றி எழுதவே கூடாது என்றவர் அவர். நீங்கள் மட்டும் எழுதலாமா?

மலாயாவில் வாழ்ந்த தமிழரான எஸ். துரைராஜசிங்கம், வாழ்க்கைக் குறிப்புகள் கேட்டு அவருக்கு எழுதினார். தம்மைப் பற்றிய செய்திகளில் தமக்கு அக்கறை இல்லை, பெயர்பெற்றவர்களின் சொந்த வாழ்வை அச்சிடுவது முறையற்ற ஆவலுக்குத் தீனி போடுவதே என்று பதில் வந்தது. தனிமனிதரின் உருவத்தை வரைவது விண்ணுலகுக்கு உகந்ததன்று என்ற பொருளில் 'அஸ்வர்க்ய' என்ற வடசொல்லையும் அவர் ஆண்டிருந்தார். பெயர் எழுதாத சிற்பிகளைப் போற்றியவர் வேறு எப்படிச் சொல்வார்?

துரைராஜசிங்கம் விடவில்லை. பல்லாண்டுகள் கடிதங்களையும் நினைவுகளையும் கட்டுரைகளையும் திரட்டி, 1974இல் கோலாலம்பூரில் பெரும் தொகுப்பாக வெளியிட்டார். பின்னர் ரோஜர் லிப்சி எழுதிய வாழ்க்கை வரலாறு 1977இல் வந்தது. குமாரசுவாமியின் சொல்லை மீறிய இவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நானும் அவர்கள் பின்னால்தான் நிற்கிறேன்.

இந்தியாவுக்குத் திரும்பி வர நினைத்தாரா?

நினைத்தார். 1947 ஆகஸ்ட் 15 அன்று ஹார்வர்டில் இந்திய விடுதலையைக் கொண்டாடிய மாணவர்களிடம் பேசினார். ஒரு வாரம் கழித்து, 70ஆம் பிறந்தநாள் விருந்தில், பணியை முடித்துக்கொண்டு இந்தியாவுக்குப் போகப்போவதாக அறிவித்தார். அடுத்த 18ஆம் நாள் தம் வீட்டில் இறந்தார்.

சரி, எதிலிருந்து படிக்கத் தொடங்குவது?

நடராசர் கட்டுரையிலிருந்தே தொடங்கலாம், சில பக்கங்கள்தான். படித்த கையோடு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்குப் போய், திருவாலங்காட்டு நடராசர் முன் நில்லுங்கள். உடுக்கை, தீ, அமைந்த கை, ஊன்றிய பாதம், தூக்கிய பாதம் என்று அவர் சொன்ன வரிசையில் கண்ணை நகர்த்துங்கள். ஒன்று மட்டும் கிடைக்காது: கட்டுரையில் திருவாசிக்கு, அதாவது உருவத்தைச் சூழ்ந்த தீச்சுடர் வளையத்துக்கு, அவர் தரும் விளக்கம் நீண்டது, இந்தத் திருமேனிக்கோ திருவாசி இல்லை. அதற்கு அதே கூடத்தில் வேறொரு கூத்தரைத் தேடிக்கொள்ள வேண்டும்.